பகலில் திரையைத் திறந்தவர்

ராஜ்மோகன் அன்று பொய் சொல்லவில்லை. அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். இவர் பதில் சொன்னார். பதிலில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அந்தப் பதிலால்தான் நான்கு மாதம் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியாமல் நடந்தார்.

காரைக்காலிலிருந்து திருவேட்டக்குடிக்குப் போகும் வழியில், கடலை ஒட்டிய மணல்மேட்டில் நிற்கிறது வெள்ளைமேடு கலங்கரை விளக்கம். அங்கே அவர் முப்பத்திரண்டு வருடம் விளக்கு உதவியாளர். திருநள்ளாற்றுக்கு மேற்கே நெல் போடும் குடும்பம் அவருடையது. அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். கடலைப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதும் இல்லை.

ஆனால் பேச வரும். மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை பார்வையாளர் நேரம். கீழ்க்கதவருகே ஐம்பது பேர் சேர்ந்ததும் இரண்டு கையையும் தட்டுவார்.

"கவனிங்க, கவனிங்க. முதல்ல இங்க கோபுரமே கெடையாது. ஒரு கொடிமரம், அது உச்சியில ஒரு லாந்தர். அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் அரிசி ஏத்த வருவான். எதிர்ல தெரியுது பாருங்க மணல்திட்டு, அதுல ஒண்ணு, ரெண்டு, மூணு கப்பல மாட்டவிட்டான். அப்பறந்தான் புத்தி வந்து இதக் கட்டினான். செங்கல்லு, சுண்ணாம்பு, கடுக்காத் தண்ணி, பனவெல்லம். மேல ஏறும்போது பசிச்சா செவத்த நக்கிப் பாக்கலாம், தப்பில்ல."

கூட்டம் சிரிக்கும். சிரிக்கிற கூட்டம் நூற்றுப் பதினெட்டுப் படியை முணுமுணுக்காமல் ஏறும் என்பது அவர் அனுபவம்.

மேலே போனதும் மீதியைச் சொல்வார். கோபுரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பது அழகுக்கு இல்லை. பகலில் இது எந்த ஊர் விளக்கு என்று கப்பல்காரன் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பான். இரவில் மின்னலை எண்ணிக் கண்டுபிடிப்பான். வெள்ளைமேட்டுக்குப் பத்து நொடியில் இரண்டு மின்னல். அக்கம்பக்கத்துக் கரையில் வேறு எந்த விளக்குக்கும் அந்தக் கணக்கு கிடையாது. முதலில் எரிந்தது தேங்காயெண்ணெய், பிறகு மண்ணெண்ணெய், பிறகு மின்சாரம். அந்தக் காலத்தில் கண்ணாடியைச் சுழல வைத்தது ஒரு இரும்பு எடை. கோபுரத்தின் நடுக்குழிக்குள் சங்கிலியில் அது மெல்ல இறங்க, மேலே பல்சக்கரம் சுற்றும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் சுற்றி எடையை மேலே ஏற்ற வேண்டும். இப்போது அந்த வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்கிறது. மாறாதது கண்ணாடி மட்டும்தான். ஆள் உயரம், வளையம் வளையமாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள். பிரான்சிலிருந்து வைக்கோல் அடைத்த பெட்டிகளில் வந்தது. உள்ளங்கையளவு பல்பின் வெளிச்சத்தைப் பிடித்துப் பதினெட்டு மைலுக்குத் தள்ளும்.

பார்வையாளருக்கு அவர் விளக்கிச் சொல்லாதது ஒன்று உண்டு. கண்ணாடி அறை பூட்டியே இருப்பதால் யாரும் கேட்டதுமில்லை. அந்த அறையைச் சுற்றித் தடித்த காடாத் துணித் திரை தொங்கும். பொழுது சாய்ந்ததும் விலக்க வேண்டும்; சூரியன் கிளம்புவதற்கு முன் இழுத்து மூட வேண்டும். உள்ளிருக்கும் சிறு வெளிச்சத்தைக் கடலுக்கு அனுப்பும் அதே கண்ணாடி, பகலில் வெளியிலிருக்கும் வெயிலை எல்லாம் திரட்டி உள்ளே ஒரே புள்ளியில் கொட்டிவிடும். பல்பு இருக்கும் இடம்தான் அந்தப் புள்ளி. பதிவேட்டில் இதற்கென்றே ஒரு பத்தி உண்டு: திரை மூடிய நேரம். பிரெஞ்சில் எழுதிய பழைய பதிவேடுகளிலும் அந்தப் பத்தி இருக்கிறது.

திரை மூடுவது உதவியாளர் வேலை. ஒன்பது வருடமாக அதை ராஜ்மோகன் செய்யவில்லை. முழங்கால் வலி வந்தபோது அல்லியிடம் சொன்னார். அல்லி ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், திருவேட்டக்குடிக்காரர், நாற்பத்தாறு வயது. படியைப் பெருக்க எப்படியும் உச்சி வரை ஏறுகிறவர். விடியுமுன் ஏறி விளக்கை அணைத்து, திரையை இழுத்து, நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பெருக்கிக்கொண்டே இறங்குவார். பக்கத்தில் ராஜ்மோகன் சுருக்கொப்பம் போடுவார். ஒன்பது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

சென்ற காணும் பொங்கலன்று அல்லி எழுதிய நேரம் ஆறு இருபது.

ஏழேகாலுக்கு ராஜ்மோகனின் மனைவி திரிபுரசுந்தரி, மகள் சிவப்ரியா, மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் என்று ஒரு காரில் வந்து இறங்கினார்கள். நிச்சயம் முடிந்து பத்து நாள். காணும் பொங்கலுக்கு மட்டும் காலையிலேயே அனுமதி என்பதால் ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்துவிடும், அதற்குள் சம்பந்திகளுக்கு மட்டும் சுற்றிக் காட்டிவிடலாம் என்பது ராஜ்மோகன் திட்டம். பால்கனிவரை காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்த ரூம்புல என்னா சம்பந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அதான் விளக்கு. பப்ளிக்குக்கு அனுமதி இல்லீங்க."

"நாங்க பப்ளிக்கா?"

ராஜ்மோகன் சாவியை எடுத்தார். உள்ளே போனதும் அந்தம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னா சம்பந்தி, பிரான்சுலேர்ந்து வந்ததுன்னீங்க, சலவைக்குப் போட்ட மாதிரி துணியத் தொங்கவிட்டு வச்சிருக்கீங்க? வெளிச்சமே இல்ல. பொண்ணும் புள்ளையும் ஒரு போட்டோ எடுக்க வேணாமா?"

சிவப்ரியாவுக்குத் திரையின் கதை தெரியும். "அப்பா, தொறக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம்மா. ஒண்ணும் ஆவாது."

கடல் பக்கத்துத் திரையை இரண்டு கையாலும் விலக்கினார். இளவெயில் உள்ளே பாய்ந்து கண்ணாடி வளையங்களில் வானவில்லாகச் சிதறியது. சம்பந்தியம்மா வாயைத் திறந்தபடி நின்றார். முப்பத்திரண்டு வருடத்தில் தன் வேலையைப் பார்த்து ஒருவர் அப்படி வாயடைத்து நின்றது அதுவே முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார் ராஜ்மோகன். ஆறேழு படம் எடுத்தார்கள். அப்போது கீழே கேட்டை உலுக்கும் சத்தம். எட்டரைக்கே வேனில் வந்து இறங்கிய கூட்டம். சம்பந்திகளை அழைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். திரையை மறந்தார்.

அன்று ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். ஒரு பெண்மணி எழுபதாவது படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர் பால்கனியிலிருந்து செருப்பைக் கீழே தவறவிட்டார். ராஜ்மோகன் கத்திக் கத்தித் தொண்டை கட்டினார். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கண்ணாடி அறையைத் திறந்தபோது எரிந்த ரப்பர் நாற்றம் முகத்தில் அடித்தது. பல்பு வெடித்திருந்தது. பல்பைத் தாங்கும் பகுதி உருகி வழிந்திருந்தது, வயர் கரிந்திருந்தது. திரை அவர் விலக்கியபடியே இருந்தது.

அவசரத்துக்கு என்று ஒரு பேட்டரி விளக்கு உண்டு. நான்கு மைல் தெரியும். சென்னையிலிருந்து சாமான் வந்து சேரும்வரை மூன்று இரவு அதுதான் எரிந்தது. கடலோடிகளுக்கு அறிவிப்புப் போனது. வெள்ளைமேடு விளக்கு வேலை செய்யவில்லை.

இரண்டாம் நாள் நிலையத் தலைவர் நெடுமாறன் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"வெயில் பட்டுத்தான் உருகியிருக்கு. திரைய யாரு போடறது?"

ராஜ்மோகன் சொன்னார்: "வழக்கமா அல்லிதான் சார் போடும்."

அவ்வளவுதான். நெடுமாறன் அடுத்ததையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ராஜ்மோகன் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார். ஆனால் நெடுமாறன் கேட்கவில்லை. ஆறு இருபது என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவால் தட்டினார். "போடாமலே எழுதிட்டுப் போயிருக்கு. பொங்கல் அவசரம்" என்றார். ராஜ்மோகன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஒப்பந்தக்காரர் அல்லிக்குப் போன் போட்டு இனி வர வேண்டாம் என்றார்.

வேலை போனதோடு முடிந்திருந்தால் ராஜ்மோகன் எப்படியாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இப்போது எல்லாப் படகிலும் செல்போன் இருக்கிறது, வழிகாட்டும் கருவி இருக்கிறது. விளக்கை யார் பார்க்கிறார்கள்? இப்படித்தான் மூன்று மாதம் ஓட்டினார். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். திரிபுரசுந்தரி அதைக் கூடத்தில் மாட்டினார். படத்தில் மகளுக்குப் பின்னால் திரை நன்றாக விலகியிருந்தது. ராஜ்மோகன் அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகினார்.

ஏப்ரல் கடைசியில் சம்பந்தி வீட்டுக்கு விருந்து வைக்க மீன் வாங்கவென்று கணவனும் மனைவியும் திருவேட்டக்குடி ஏலக்கூடத்துக்குப் போனார்கள். காலை ஏழு மணி. ஈரத்தரையில் கூடைகள், நடுவே ஏலம் கூறும் காசியம்மாவின் குரல். ஓர் ஓரத்தில் அல்லி நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். கோவில்பத்தில் தெருத்தெருவாக விற்க எடுத்துப் போகிற சரக்கு.

மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது.

"அடியே அல்லி, கைய வச்சிட்டியா?" என்றார் காசியம்மா. "கடல்லதான் அமத்தின, இங்கயுமா?"

கூடமே சிரித்தது. "விளக்கமத்தினவ" என்று யாரோ அடைமொழியைச் சொல்ல, இன்னொருவர் அதற்கு ராகம் போட்டார். அது பழகிப்போன கிண்டல் என்பது சிரிப்பின் சோம்பலிலேயே தெரிந்தது. அல்லி நிமிராமல், "ஆமா, ஒன் வூட்டு மீட்டரையும் சேத்து அமத்துறேன், பில்லு கட்டாம இரு" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போதுதான் ராஜ்மோகனைப் பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"சார், வாங்க. பொண்ணுக்குக் கல்யாணமாம்ல? அம்மா, நண்டு எடுத்துக்குங்க, காசெல்லாம் வேணாம்." பையில் நாலைந்து நண்டைப் போட்டவர், குரலைத் தாழ்த்தினார். "சார், ஒங்களுக்குத்தான் கெட்ட பேராயிடுச்சாமே என்னால. நான் போட்டேன்னுதான் சார் நெனப்பு. கயித்தப் புடிச்சு இழுத்தது கையில இருக்கு. ஆனா எழுத்துல வேற, உருகினது வேறன்னா என்னா சொல்றது? ஒருவேள போடலையோ என்னமோ. நல்ல நாளு, மனசு அடுப்படியிலயே இருந்திருக்கும்."

ராஜ்மோகன் தலையாட்டினார். நண்டை வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும், "நான் சொல்லிடப் போறேன்" என்றார்.

"என்னாங்க, கூறு கெட்டுப் போச்சா?" என்றார் திரிபுரசுந்தரி. "மே மாசம் ரிட்டயர்டு, ஆவணியில கல்யாணம். சம்பந்தியம்மா ஆசப்பட்டு எடுத்த போட்டோ. அவங்களால வந்த வெனைன்னு ஆயிடாது? அந்தப் பொண்ணுக்கு வேற எதாவது செய்வோம். ஒரு புடவை எடுத்துக் குடுப்போம்."

"அது தன் மேலயே சந்தேகப்படுது சுந்தரி."

திரிபுரசுந்தரி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நண்டைச் சமைத்தார். ராஜ்மோகன் சாப்பிடவில்லை, மகள் ஏன் என்று கேட்டபோது வயிறு சரியில்லை என்றார். அது பொய்.

மே இரண்டாம் வாரம் நெடுமாறனிடம் சொன்னார். நின்றபடியே, சாவியை எடுத்தது முதல் திரையை மறந்தது வரை. நெடுமாறன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இத இப்ப ஏன் சொல்றீங்க? முப்பத்தொண்ணாந்தேதி மாலை போட்டு அனுப்பப் போறோம். ரிப்போர்ட்டு மேல போயாச்சு, நான் கையெழுத்துப் போட்டது. நீங்க குழியில விழுறது மட்டுமில்லாம என்னையும் இழுக்குறீங்க."

"ஒங்களத் தப்பு சொல்லல சார்."

"சொல்லாம எப்படி? ஏன் சரியா விசாரிக்கலம்பான். பேசாம போங்கண்ணே. நான் கேக்கல, நீங்க சொல்லல."

'அண்ணே' என்று நெடுமாறன் அதற்கு முன் கூப்பிட்டதில்லை. கூட்டாளியாக்கிக்கொள்ளும் அந்த அன்புதான் ராஜ்மோகனை அதிகம் கூசவைத்தது. தான் அல்லிக்குச் செய்ததை இவர் தனக்குச் செய்கிறார். யாரும் பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

விளக்கு நிலையத்தின் தினக்குறிப்பில் பக்கங்களுக்கு எண் உண்டு. கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. பிழை இருந்தால் கண்டுபிடித்த நாளின் பக்கத்தில் திருத்தத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம். அன்று மாலை விளக்கைப் போட்டுவிட்டு ராஜ்மோகன் ஐந்து வரி எழுதினார். காணும் பொங்கலன்று அல்லி திரையை ஆறு இருபதுக்கு மூடினார். எட்டேகாலுக்கு அதைத் திறந்தது நான். அனுமதியில்லாமல் குடும்பத்தாரை உள்ளே விட்டதும் நான். மூட மறந்ததும் நான். கேட்டபோது முழுதும் சொல்லாததும் நான்.

மறுநாள் நெடுமாறன் அதைப் படித்தார். நகலெடுத்து மேலே அனுப்பினார். ராஜ்மோகனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வழியனுப்பு விழா நடக்காது என்று தெரிந்தது.

அடுத்த ஞாயிறு காலை தனியாகத் திருவேட்டக்குடி போனார். அல்லி ஏலக்கூடத்து ஓரத்தில்தான் இருந்தார். குத்துக்காலிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னார். அல்லியின் கை நின்றது.

"அப்ப நான் போட்டனா?"

"நீ போட்டம்மா. ஆறு இருபதுக்கு."

அல்லி கையிலிருந்த நண்டைக் கூடைக்குள் போட்டார். "நாலு மாசமா தூக்கத்துல கயித்த இழுத்துக்கிட்டு கெடந்தேன் சார். இழுக்க இழுக்க மூடாது. எம் மவ ஏம்மா கைய ஆட்டுறங்கும்." பிறகு நிமிர்ந்தார். "ஒங்களுக்குப் போயி நண்டு குடுக்கணும்னு எனக்குத் தோணுச்சு பாருங்க. அத வாங்கிட்டும் போனீங்க."

"தப்புதாம்மா. வேலைக்கு மறுபடி எடுத்துக்கச் சொல்லி நானே எழுதித் தர்றேன்."

"வேலைய அப்பறம் பாப்போம். எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. இவங்களுக்கு யாரு சொல்றது? நான் சொன்னா 'இப்பதான் ஞாபகம் வந்துச்சா'ம்பாங்க." நடுக்கூடத்தைக் காட்டினார். "அங்க போயி சொல்லுங்க."

ஆயிரம் பேரை அதட்டி வரிசையில் நிறுத்திய மனிதருக்கு அந்தப் பத்தடி தூரத்தை நடக்க வெகுநேரம் ஆயிற்று. காசியம்மா ஏலத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ராஜ்மோகன் இரண்டு கையையும் தட்டினார்.

"கவனிங்க, கவனிங்க. முதல்ல இங்க..."

பழக்கம். நாக்கு தானாகக் கொடிமரத்துக்குப் போய்விட்டது. "என்னா சார், டிக்கெட்டு கிழிக்கப் போறீங்களா?" என்று ஒரு பெண் கேட்க, சிரிப்பு கிளம்பியது. அவருக்குக் காது மடல் எரிந்தது. மறுபடி தொடங்கினார். சொல்லி முடித்தபோது ஐஸ் உடைக்கும் சத்தம்கூட நின்றிருந்தது.

"அப்ப நாங்க இவள நாலு மாசம் கிண்டலடிச்சது?" என்றார் காசியம்மா.

"என்னையத்தான் அடிச்சிருக்கணும்."

"இப்பவும் அடிக்கலாம். நிக்கிறீங்களா?"

சிலர் சிரித்தார்கள். வலை மடித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரிக்கவில்லை. "அந்த மூணு ராத்திரியும் விடியிற வரைக்கும் வெளியிலயே நங்கூரம் போட்டுக் கெடந்தோம் சார்" என்றார். "செல்லுல கரை தெரியுது. மணல்திட்டு தெரியுமா?"

முப்பத்திரண்டு வருடம் அந்த மணல்திட்டைக் கூட்டத்துக்குக் கைநீட்டிக் காட்டியவர், "தெரியாது" என்றார்.

காசியம்மா கூடையிலிருந்து ஒரு கைப்பிடி இறாலை அள்ளி அல்லியின் சரக்கோடு போட்டார். அல்லி அதை எடுத்து அவர் கூடைக்கே திருப்பிப் போட்டார். ஏலம் மறுபடி தொடங்கியது.

ராஜ்மோகன் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அல்லி பின்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கிப் பாதிப் பேரு கடலுக்குப் போயிருக்காங்க சார். நாளைக்கி வாங்க, அவங்களும் இருப்பாங்க."

அவர் சரி என்றார். மறுநாள் ஆறரைக்கே போய் நின்றார். அன்று கூட்டம் அதிகம்.